நான் சொன்ன விரதம்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். செங்கல் சூளை, பனியன் கம்பெனி, கரும்பு வெட்டு என்று எந்த வேலையிலும் ஓராண்டுக்கு மேல் தங்கியதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சலுக்குப் படுத்திருந்த களமருதூர்க்கார அம்மா ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். நாற்று நடும் கூலி வேலை அவருக்கு.

"எம் பொண்ணு படிப்புக்காக மலையில போயி தங்கணுமாம். தனியா அனுப்ப மனசு வரல. நீ தொணைக்குப் போறியா?"

மலையில் என்ன படிப்பு என்று எனக்குப் புரியவில்லை. தரை துடைப்பது சலித்துப்போயிருந்தது. சரி என்றேன்.

மகளுக்கு இருபத்தெட்டு வயது. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கல்வராயன் மலையில் கடுக்காய் மரங்களுக்குக் கீழே முளைக்கும் கன்றுகள் ஏன் பிழைத்து நிற்பதில்லை என்பதுதான் அவள் கேள்வி. காட்டில் கயிறு பிடித்து ஒரு சதுரம் போடுவோம். அதைக் கட்டம் என்பாள். உள்ளே நிற்கும் மரங்களின் சுற்றளவை நான் டேப் வைத்துச் சொல்வேன், அவள் எழுதுவாள். பிறகு மண்டியிட்டுக் கன்றுகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஒரு வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஒற்றை அறையில் தங்கியிருந்தோம்.

முதல் மாதம் நன்றாகவே போனது. வீட்டுக்காரி என் வயதுக்காரி, வாயாடி. மாலையில் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு வம்பிழுப்பாள்.

"ஏம் பாப்பா, மரத்துக்கெல்லாம் இடுப்பு அளக்கிறியே, ஜாக்கெட்டு தெச்சுக் குடுக்கப் போறியா?"

"ஆமாக்கா. ஒங்க ஊரு மரம் ரொம்ப குண்டு, துணி ஜாஸ்தி ஆவுது."

இரண்டாம் மாதம், பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் அந்த இடத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், அவளுடைய கைடு, அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறாராம். மழைக்கு முன் எல்லாக் கட்டமும் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஒருவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றாராம். பாறையிலிருந்து இறங்கியவள் அன்று மதியம் சாப்பிடவில்லை.

"இந்தக் கட்டம் முடியட்டும்க்கா" என்றாள். பிறகு தினமும் அதையே சொன்னாள். அந்தக் கட்டம் முடிந்தால் அடுத்தது இருந்தது. கட்டம் போடும் மஞ்சள் நைலான் கயிற்றில் ஒரு துண்டை, கைக்கு உடனே கிடைக்கட்டும் என்று மணிக்கட்டில் சுற்றி வைத்திருப்பாள். தூங்கும்போதும் கழற்றுவதில்லை. தூங்கினாளா என்பதே சந்தேகம்.

பசி எனக்குப் புதிதில்லை. சூளையில் மழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் தண்ணீர்தான். சோறு இல்லாமல் கிடந்தவள் நான். சோற்றை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலிருப்பது ஒரு நோயாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொழுப்பு என்றே நினைத்தேன்.

ஒருநாள் வீட்டுக்காரி கேட்டாள். "இன்னாக்கா, பாப்பா சோத்தத் தொடவே மாட்டேங்குது? கையில மஞ்சக் கயிறு வேற கட்டிக்கினு இருக்குது. விரதமா?"

நான் ஆக்கிய சோறு மூன்றாம் நாளாக அப்படியே திரும்பி வந்திருந்தது. அந்தக் கோபம் எனக்கு. "ஆமா, படிப்பு முடியற வரிக்கும் விரதம்" என்றேன். பேச்சை முடிக்க அது சுலபமாக இருந்தது.

விரதக்காரரைச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. அவர் கண்ணெதிரே சாப்பிடக் கூடாது. என்ன வேண்டுதல் என்று கேட்கவே கூடாது. அந்த ஊர் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. மாலைச் சோறு நின்றது. கேலி நின்றது. அவள் வந்தால் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். பிள்ளைகளை அவள் பக்கம் போகவிடாமல் அதட்டினார்கள்.

"இவங்களுக்கு என்னப் புடிக்காமப் போச்சுக்கா. நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை.

பிறகு ஒரே கட்டத்தை மூன்று முறை எண்ணத் தொடங்கினாள். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. அவள் சீப்பில் முடி கொத்தாக இருந்தது. துணி துவைக்கும்போது ஒன்று கவனித்துக் கேட்டேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்றாள். "டென்ஷன்க்கா, வேல முடிஞ்சா வந்துடும்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்துகொண்டாள்.

சரிவில் ஒரு கட்டத்தில் எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒரு நண்பகலில் எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. கீழே சாமைக் கொல்லையில் வீட்டுக்காரி இருந்தாள். கத்தினேன். தன் மதியக் கூழ்ப் பானையோடுதான் ஓடிவந்தாள். வந்தவள் நான்கடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"குடு" என்றேன்.

"விரதம் கலைஞ்சிடும்க்கா. பாதியில கலைச்சா சாமி குத்தம். எங்கையால எப்படிக் குடுப்பேன்? தண்ணி வேணா குடுக்கிறேன்."

பானையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கொடுக்க மனமில்லாதவளின் முகம் இல்லை அது.

"விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கட்டம் போடற கயிறு. நான்தான் பொய் சொன்னேன்."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வைத்து, கூழைக் கையால் அள்ளிச் சிறிது சிறிதாக ஊட்டினாள். பிறகு இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, மணிக்கட்டிலிருந்த கயிற்றை அறுத்து என் பக்கம் போட்டாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அடிச்சாவது துண்ண வெச்சிருப்பேன்" என்றாள்.

ஜீப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறக்கினோம். ரத்தம் கம்மி, உடம்பில் சத்தே இல்லை என்றார் டாக்டர். தூக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு, மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை அவள் மடித்து மடித்துச் சிறிதாக்கினாள்.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா. பைத்தியம்னு நெனச்சிக்கும். அது நாத்து நட்டு என்னப் படிக்க வெச்சிது."

இந்த முறை நான் சொன்னேன். அம்மா வந்தார். சீட்டைப் படிக்கத் தெரியாமல் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "தூங்கறதுக்கும் டாக்டர் இருக்காங்களா? அப்ப காட்டிட வேண்டியதுதான்" என்றார். அவ்வளவுதான். மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று மாதம் கழித்து மாத்திரைகளோடு திரும்பவும் மலைக்கு வந்தாள். மழைக்கு முன் முடிக்க வேண்டியது முடியவில்லை. கைடு மாறிப்போனார். புதியவர் பாதிக் கட்டங்களை மறுபடி எண்ணச் சொன்னார். அவளுக்கு இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. சில நாள் காலையில் பாயை விட்டு எழவே மாட்டாள். அந்த நாட்களில் நானும் டேப்பை எடுப்பதில்லை.

வீட்டுக்காரி மட்டும் என்னை நம்புவதை விட்டுவிட்டாள். பாப்பா சாப்பிட்டாளா என்று அதன் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை. நண்பகலானால் கொல்லையில் நின்று சரிவை நோக்கி அவளையே கேட்பாள்.

"ஏ பாப்பா, ஒன்னத்தான் கேக்கிறேன். துண்ணியா?"

பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். கட்டத்தில் பாதிக் கன்றுகள் எண்ணாமல் கிடக்கும். இவள் கொஞ்ச நேரம் நோட்டைப் பார்ப்பாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, "இன்னும் இல்லக்கா, வரேன்" என்று சொல்லி இறங்கிப் போவாள். எண்ணியது எதுவரை என்று தெரிய, நான் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, பின்னாலேயே இறங்குவேன்.