பெரியம்மாவுக்கு அப்புறம்

எங்கள் கோயிலில் பெரியம்மாவுக்கு அப்புறம் யாரும் குடிப்பதில்லை. திண்டிவனத்திலிருந்து போதகர் ஐயா மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வருவார். அன்றைக்குத்தான் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் ராப்போஜனம். பெயர்தான் அப்படி, நடப்பதென்னவோ பட்டப்பகலில், வாரநாளில் பள்ளிக்கூடமாக இருக்கும் கூரைக்கொட்டகையில். எல்லோரும் வரிசையாக முழங்கால் போட, ஒரே பாத்திரம் வாய்க்கு வாய் போகும். எந்நேரமும் வெற்றிலை குதப்பும் பெரியம்மா தானாகவே கடைக்கோடிக்குப் போய்விடுவாள். போ என்று யாரும் சொன்னதில்லை. போகவேண்டாம் என்றும் சொன்னதில்லை, போதகர் வராத வாரங்களில் ஜெபம் நடத்தும் சேரி உபதேசியாரான அப்பா உட்பட.

எனக்குப் பெரியம்மாமேல் பொறாமைதான். அம்மாதான் காய்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து ரசம் எடுப்பாள். இனிப்பெல்லாம் பாத்திரத்தின் அடியில் போய்த் தங்கிவிடும், அது கடைசி ஆளுக்குத்தான் என்பது என் கட்சி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊர்த்தெரு அம்மா எங்கள் கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். நிலம் வைத்திருந்த வீட்டு விதவை. எங்கள் சனமெல்லாம் அவள் கொல்லையில்தான் மல்லாட்டை பிடுங்கப் போகும்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். விஷக்காய்ச்சலில் அவள் கிடந்தபோது சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுவிட, அம்மா உள்ளே போய்க் கஞ்சி ஊற்றினாள். பிழைத்து எழுந்தவள் அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தாள். முதலில் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள். ஒரு வருஷத்தில் உள்ளே வந்து ஞானஸ்நானமும் கேட்டுவிட்டாள்.

அவள் கொழுந்தன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். "எந்தச் சாமிய வேணா கும்புட்டுக்கோங்க அண்ணி. அவங்க வாய்வெச்ச எச்சிலக் குடிச்சிட்டு மட்டும் இந்த வாசப்படி ஏறாதீங்க."

அப்பா இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் அம்மாவிடம், "அவங்கள மொத ஆளா முட்டி போட வெச்சிட்டா? முன்னாடி யாரு வாயும் படாது. ஒரு பேஜாரும் இல்ல, அவங்களுக்கு வூடும் நெலைக்கும்" என்றார். அம்மா அடுப்பை ஊதினாள். அப்பா நல்லவர். அவருக்குத் தெரிந்த வழியில் அது அன்புதான்.

எனக்கு ஓட்டை வாய். சனிக்கிழமையே ஊர்த்தெரு அம்மாவின் களத்துக்கு ஓடினேன். மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கி உங்களுக்குத்தான் மொதல்ல. எங்க எச்சில் உங்களுக்குப் படாதுன்னு அப்பா சொன்னாரு."

அவள் கை நின்றது. "கடைசியா யாருடி குடிப்பாங்க?"

"எங்க பெரிம்மா. அது எப்பவும் வெத்தல போட்டுக்கினே இருக்கும். அதுக்கப்புறம் எங்க சனமே குடிக்காது."

"உங்க சனமேவா?" என்றாள். பிறகு என் மடி நிறைய மல்லாட்டையை அள்ளிப்போட்டு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் ஞானஸ்நானம் முடிந்தது. அம்மாவின் கல்யாணப் பாயை அப்பா முன்வரிசையில் விரித்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் கொழுந்தன் தோளில் துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்த்தெரு அம்மா எழுந்தாள், பாயைத் தாண்டினாள், வரிசை முழுவதையும் தாண்டிப் போய்ப் பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம் முழங்கால் போட்டாள். பாயின் பக்கம் கைகாட்டிக் கைகாட்டி அப்பாவுக்குத் தோள்தான் வலித்திருக்கும்.

பெரியம்மா பதறிப்போனாள். "எனக்கப்புறம் வாணாம்மா, முன்னாடி போங்க!"

"சும்மா இருங்கக்கா" என்றாள் ஊர்த்தெரு அம்மா.

அந்தத் தெருவிலிருந்து ஒருவர் பெரியம்மாவை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாத்திரம் வந்தபோது பெரியம்மா முந்தானையால் வாயை மூன்றுமுறை துடைத்துக்கொண்டாள். அவள் குடித்த பின் ஊர்த்தெரு அம்மா வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

சாயங்காலம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு செம்பும் எங்கள் தெருமுனையில் கிடந்தன. பக்கத்தில் ஊர்த்தெரு அம்மா நின்றாள். பெரியம்மா பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தான் தனியாக இருந்த குடிசைக்கு அவளை அழைத்துப்போனாள். எனக்கோ ஆனந்தம். இனி தினமும் மல்லாட்டைதான்! நிலத்தை விட்டு வந்தவளிடம் மல்லாட்டை ஏது என்று எனக்குத் தோன்றவில்லை.

சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். குடிசைக்குப் பின்னால் பெரியம்மா தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். வாயில் வெற்றிலைகூட இல்லை. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. பாவம், இத்தனை வருஷமாக அவளுக்கே வந்த அடி இனிப்பை இன்று வேறொருத்தி குடித்துவிட்டாளே! வீட்டுக்கு ஓடி, அம்மா பிழிந்து வைத்திருந்த திராட்சைச் சக்கையை ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன்.

"அழாத பெரிம்மா. அடுத்த வாட்டி அவங்கள முன்னாடியே உக்காரச் சொல்லிரலாம். கடைசி வாய் உனக்கே."

பெரியம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். சக்கையை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே முன்னைவிடப் பெரிதாக அழுதாள்.

திராட்சை புளித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.