சரோஜா அக்கா திருத்திச் சொன்ன கதை

செவ்வாய்க்கிழமை காலை சாமிக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தபோது லாஸ்பேட்டையிலிருந்து ஃபோன் வந்தது. "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள் சரோஜா அக்காவின் மகள். எண்பத்திரண்டு வயது. ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்காத சாவு. தொடுத்ததில் பாதியைச் சாமிக்குச் சாத்திவிட்டு, மீதியை அக்காவுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் இருந்தவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில் தெருவுக்கே முதல் டி.வி. அவர் வீட்டில்தான் வந்தது, கறுப்பு வெள்ளை. வாரம் ஒருநாள் விளக்கேற்றிவிட்டுப் பெண்கள் பதினொரு பேர் அங்கே கூடுவோம். டில்லியிலிருந்து ஒரு சிரிப்புத் தொடர் வரும். முழுக்க இந்தி, எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடுவார்.

அந்தக் குடும்பம் எப்போதும் ஒரே கூடத்தில், ஒரே சோபாவில்தான் இருக்கும். "பாருங்கடி, யாரு வந்தாலும் நம்மளப் பாத்தாப்லதான் உட்கார்றாங்க. ஒருத்தராவது முதுகக் காட்டுறாங்களா? மரியாத தெரிஞ்ச குடும்பம்" என்பார். ஆள் தெரியாமல் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அது யார் என்று கேட்டால், "அவங்க தெருவுல நம்மள மாரி நாலு பேரு இருக்க மாட்டாங்களா?" முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டினால், "இப்ப பொய் சொல்லப் போறான் பாரு" என்பார். பெரும்பாலும் பலித்தது.

அந்தச் சோபாவில் வயதான அம்மாவின் மடிமேல் காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண் வாயாடுவாள். அவளை அந்த வீட்டு மகள் என்றார் அக்கா. காப்பி கொண்டுவந்து சுவரோரம் நிற்பவள் மருமகள். நாங்களும் ஒப்புக்கொண்டோம். வேறெப்படி இருக்கும்?

நானும் அப்போது சுவரோரம்தான்; அந்தப் பதினொரு பேரில் என் மாமியாரும் ஒருவர். மாமியார் இருக்கும் கூடத்தில் மருமகள் உட்காருவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழு மாத வயிறு, வீங்கின கால். அரைமணி நேரமும் கதவைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நிற்பேன். உட்காரட்டுமா என்று கேட்க வாய் வராது. வீட்டோடு இருந்துவிடவும் மனசு வராது.

ஒருநாள், பட்டாளத்துக் கணவரோடு வடக்கே இருந்துவிட்டு வந்த ஒரு பெண் எங்களோடு சேர்ந்து பார்த்தாள். பாதியிலேயே சிரித்துவிட்டாள். "யக்கா, காலை நீட்டியிருக்கறது மருமக. நிக்கறதுதான் மக!"

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். வேறொருவர் என்றால் மழுப்பியிருப்பார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யய்யோ, எட்டு வாரமாத் தப்பாச் சொல்லியிருக்கனே! யாரும் எழுந்திரிக்காதீங்க." தொடர் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, முதல் வாரத்திலிருந்து கதையைத் திருத்திச் சொன்னார். அடம் பிடித்தது மருமகள், சோறு ஊட்டினது மாமியார், சமாதானம் செய்தது நாத்தனார். சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"படத்தத் தப்பாப் பாத்தது போவட்டும். என் வீட்டுல நிக்கறவளப் பாக்காம இருந்துட்டனே. வாம்மா, இங்க குந்து" என்று முக்காலியைத் தள்ளினார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். "என்னை இன்னாத்துக்குப் பாக்குற? நானா உன்ன நிக்கச் சொன்னேன்?" என்றார் அவர்.

"உக்காருன்னும் நீ சொல்லலியே யக்கா" என்றார் சரோஜா அக்கா.

எல்லோரும் சிரிக்க, மாமியாருக்கும் உதடு பிரிந்துவிட்டது. "சரி, குந்துடி. புள்ளைக்கும் கால் வலிக்கும்." உட்கார்ந்தேன். மறுவாரமும் உட்கார்ந்தேன். பிறகு எங்கள் வீட்டுக் கூடத்திலும்.

தப்பை எந்த ஆட்கள் முன்னால் சொன்னோமோ, அதே ஆட்கள் முன்னால் திருத்துவது: அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். போன மாதம் உறவுக்காரர்கள் எதிரில் என் மருமகளைக் காரணமில்லாமல் குறை சொல்லிவிட்டேன். மறுநாள் அவர்களையே சாப்பிடக் கூப்பிட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான் சொன்னது தப்பு என்றேன். நாக்கு கூசத்தான் செய்தது.

"எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்றாள் அவள்.

"எங்க தெருவுல அப்படித்தாம்மா" என்றேன்.