மழைக்குப் பிறகு மங்கிய நட்சத்திரம்

நான் நட்சத்திரங்களை ஆராய்கிறேன் என்று சொன்னால், தொம்மலூரில் எங்கள் தெருவில் இன்னமும் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், ராத்திரியெல்லாம் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. தொலைநோக்கி இருப்பது பெங்களூரிலிருந்து சில மணி நேரம் தள்ளி, ஒரு மலைமேல். அது எடுத்து அனுப்பும் படங்களோடு பட்டப்பகலில், ஜன்னலே திறக்காத ஓர் அறையில் டியூப்லைட்டுக்குக் கீழே மல்லுக்கட்டுவதுதான் என் வேலை. அந்த அறையில் எனக்கு எதிர் மேஜையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவள் திருப்பத்தூர்க்காரி. அடுகோடியில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தாள். நான் எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிப்பவள். கேன்டீன் சாம்பாரிலிருந்து பேராசிரியர்களின் வரைபடம் வரை எதையும் விடமாட்டேன். அவள் நேரெதிர். யாருடைய கம்ப்யூட்டர் தகராறு செய்தாலும் தன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில்தான் அவளுக்கு டிபன். பெற்ற பெண்ணுக்குக் கிடைக்காத முறுகல் தோசை அவள் தட்டில் விழும். அம்மாவிடம் இதைக் கேட்டு நான் சண்டை போட்டதும் உண்டு.

நான் படிப்பது கேலக்ஸிகளை. அவளுடையது ஒரே ஒரு நட்சத்திரம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு நீளமான எண்தான். "உன் ஆளு" என்று கேலி செய்வோம், அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த நட்சத்திரம் ஒரு வருடம், மழைக்காலம் முடிந்து பார்த்தபோது கொஞ்சம் மங்கியிருந்தது. இரண்டு சீசன் அப்படியே இருந்தது. அப்புறம் இன்னொரு மழைக்காலத்துக்குப் பிறகு பழைய வெளிச்சத்துக்குத் திரும்பிவிட்டது. சும்மா இருக்கிற நட்சத்திரம் அப்படிச் செய்யாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை, தூசியைச் சுமந்துகொண்டு அதைச் சுற்றிவருகிறது, அந்தத் தூசி குறுக்கே வந்து மறைத்திருக்கிறது என்பது அவள் முடிவு. அவளுடைய பிஎச்.டி. முழுவதும் அந்த ஒரு மங்கலின் மேல் நின்றது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நீட்டிப்பும் நான் சொல்லவரும் மாதத்தோடு முடிய இருந்தது. கொடுத்துவிட்டால் சிலியில் ஓர் ஆராய்ச்சி வேலை காத்திருந்தது. அங்கே வானம் எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தாளானால் நிறுத்த முடியாது.

ஒரு நட்சத்திரம் மங்கியிருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. மேகம் லேசாக வந்தாலே எல்லாம் மங்கிவிடும். அதனால் அதே படத்தில் இருக்கும் இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். அவளுக்கு ஒப்பிட ஒன்றுதான் கிடைத்தது. அவளுடையது படத்தின் ஓர் ஓரத்தில் இருந்தால், அது எதிர் ஓரத்தில் இருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கேமராவுக்குள் எங்கேயோ கசியும் வெளிச்சத்தால் படத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடத் துளி அதிகமாகப் பதிவாகும். அந்திவானத்தைப் படமெடுத்து அதை வைத்துச் சரிசெய்வோம். சரிசெய்த பிறகும் துளியூண்டு மிச்சம் இருக்கும். என் கேலக்ஸிகளின் விளிம்புகள் அந்தத் துளியைவிட மங்கலானவை என்பதால், எனக்கு அது ஜென்ம விரோதி. அந்த மாதம், பழைய சீசன்களில் கசிவு எப்படி இருந்தது என்று பார்க்க, கேமராவிலிருந்து வந்தபடியே கிடக்கும், எங்கள் கூட்டத்தில் வேறு யாரும் திறக்காத மூலப்படங்களை நான் திறந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். வெளியே மழை. காபி வாங்கிவந்து உட்கார்ந்து பழைய படங்களைப் புரட்டியபோது, நன்றாகத் தெரிந்த ஒரு கேலக்ஸி தலைகீழாகக் கிடந்தது. அந்த சீசன் முழுக்க அப்படித்தான். அதற்கு அடுத்த சீசனும் அப்படித்தான்.

மழைக்காலத்தில் மலையில் வேலை நடக்காது. கேமராவைக் கழற்றித் துடைத்து, மழை நின்றதும் திரும்ப மாட்டுவார்கள். ஒரு வருடம் தலைகீழாக மாட்டிவிட்டார்கள், அடுத்த வருடமும் அப்படியே. மாட்டியவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. எப்படி மாட்டினாலும் கவலையில்லை, படம் கம்ப்யூட்டருக்குள் வந்தவுடனே வடக்கை மேலே திருப்பி வைக்க எங்களிடம் ஒரு ப்ரோக்ராம் இருந்தது. எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினோம். அதை எழுதியது அவள்தான், சேர்ந்த முதல் வருடம், எங்கள் கஷ்டத்தைப் பார்க்கமாட்டாமல். படம் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் அவளுடைய நட்சத்திரமும் அதன் ஜோடியும் அந்த இரண்டு சீசனும் கேமராவில் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தன. கசிவின் மிச்சம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறியதைத்தான் அவள் மங்கல் என்று அளந்திருந்தாள்.

எதிர் மேஜையில் அவள் நன்றியுரை எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் டிபனுக்கு வருவதற்கு முன்பே நான் அடுகோடிக்குப் போனேன். பி.ஜி. மொட்டைமாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். லீவு நாளிலும் கீழே லேத் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி, சண்டேல லேப்டாப்ப தூக்கிட்டு வந்திருக்க?" என்றாள்.

இரண்டு மூலப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த சீசன்?" என்றாள்.

சொன்னேன்.

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நான்தான திருப்பி வெச்சேன்" என்றாள். அப்புறம், "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. யாரும் பாக்கவும் மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மறைத்துவிட வேண்டும் என்று ஒரு நிமிடம் மனதார ஆசைப்பட்டேன். எதையும் விடாத நான், இதை விட்டுவிடத் தயாராக இருந்தேன்.

"நீ எங்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

தலையைக்கூடப் பின்னாமல் அங்கேயே உட்கார்ந்து அளவுகளைத் திருத்த ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் வரைபடம் வந்துவிட்டது. பள்ளமாக இருந்த இடம் நிரம்பி, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேர்க்கோடு. அவள் அதைப் பேராசிரியருக்கு அனுப்பும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தோசை ஆறிப்போய்விட்டது என்று அம்மா போன் செய்தாள். வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் கன்னடக்காரர், நல்ல மனிதர். இன்னொரு வருடம் எடுத்துக்கொண்டு வேறு ஒரு கேள்வியை வைத்து எழுது, நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவளிடம் இன்னொரு வருடம் இல்லை. வீட்டில் அவளுடைய ஒவ்வொரு நீட்டிப்பும் ஒரு யுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்திருந்தது. சிலிக்காரர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வங்கிகளுக்கு ஏதோ ப்ரோக்ராம் எழுதுகிறாள். அவளுடைய மேஜையில் இப்போது பிரின்டர் இருக்கிறது. எனக்கு அந்தப் பிரின்டரைக் கண்டாலே ஆகாது.

ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும், என் படங்களோடு சேர்த்து அவளுடைய நட்சத்திரத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்கிறேன். என் ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டால் கேமராவைச் சோதிக்கிறேன் என்று புளுகுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான்.

சாயங்காலங்களில் வீடு திரும்பும் கம்பெனி காரிலிருந்து எனக்குப் போன் செய்வாள். மேனேஜர், டிராஃபிக், அம்மாவின் முழங்கால் என்று எல்லாம் பேசுவோம். வேலையைப் பற்றி நான் எடுக்கமாட்டேன், அவளும் கேட்கமாட்டாள். போன மழை நின்ற பிறகு ஒருநாள், பேச்சுக்கு நடுவில், "மலைல கேமரா மாட்டிட்டாங்களா?" என்றாள்.

"மாட்டிட்டாங்க."

"அதை எடுத்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எடுத்தேன்" என்றேன்.

"எப்படி மாட்டியிருக்காங்கன்னு பாத்தியா?"

"பாத்தேன். நேராத்தான் இருக்கு."

மேம்பாலத்தில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொறஞ்சிருக்கா?" என்றாள்.

"இல்லடி."

"கொஞ்சங்கூட?"

அன்று காலையில்தான் அளந்திருந்தேன். நம்பாமல் திரும்பத் திரும்ப அளந்திருந்தேன்.

"கொஞ்சங்கூட இல்ல" என்றேன்.