இடப்பக்கம் சாய்ந்த கப்பல்

நான் பிறந்தபோது ஒரு கப்பலே சாய்ந்தது. பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம்; சாட்சிக்கு அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் இருக்கிறார்கள். எவ்வளவு சாய்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். மேசையில் வைத்த தேநீர்கூடத் தளும்பியிருக்காது. ஆனால் என் அப்பாவுக்கு அது போதும்.

கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, உள்ளே குமிழி ஓடும் ரசமட்டம், அதில் சின்னதாக ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன் சாப்பாட்டு மேசையில் அதை வைத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டில் காலுக்கு அட்டை வைக்காத மேசை, நாற்காலி, அலமாரி கிடையாது. "என்னையும் ஒரு தடவ வச்சுப் பாத்துடுங்க, இடுப்பு ஒரு பக்கமா வலிக்குது" என்பாள் அம்மா. அவர் நிஜமாகவே பையைத் துழாவுவார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. ஆழ்கடலின் அடியில் இருக்கும் பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பழுதுபார்க்கும் கப்பலில் அவருக்கு வேலை. கப்பல் என்றதும் பெரிய படகாக நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்கடியில் இரண்டு நீள மிதவைகள், அவற்றின் மேல் தடித்த கால்கள், கால்களின் மேல் ஒரு தெருவே குடியிருக்கலாம் போன்ற தளம். மிதவைகளுக்குள் இருக்கும் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் பாதி முங்கி நிற்கும். அலையெல்லாம் கால்களுக்கிடையே புகுந்து போய்விடும். தளத்தின் நடுவிலிருந்து கம்பியில் கருவியைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். கிரேன் ஒரு குழாய்க்கட்டைத் தூக்கி இடம் மாற்றினால் போதும், கப்பல் லேசாக அந்தப் பக்கம் சாயும். உடனே எதிர்ப்பக்கத் தொட்டிக்குத் தண்ணீரை அனுப்பி, சாய்வு காட்டும் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அதுதான் அப்பாவின் வேலை. கப்பலில் அவர் பெயரே ரசமட்டம்தான்.

எனக்கு முன்னால் எனக்கோர் அண்ணன் பிறந்தான். ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அப்போதும் அப்பா கடலில்தான் இருந்தார். அதனால் என் முறைக்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லி, பெட்டியையும் கட்டிவிட்டார். மூடுபனி வந்து உட்கார்ந்துகொண்டது. ஹெலிகாப்டர் பறக்கவில்லை. அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று மாமா ஃபோன் செய்தபோது அப்பா காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாற்றாள் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் படுக்கப் போயிருந்தார்.

அந்தக் கப்பலில் கேப்டன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கிணற்றுக்குள் கருவி இருக்கும்வரை கட்டுப்பாட்டு அறைக்குள் வீட்டுச் செய்தி எதுவும் போகக் கூடாது. கெட்டதும் கூடாது, நல்லதும் கூடாது. எப்போதோ எவனோ சந்தோஷத்தில் தப்பான வால்வைத் திறந்துவிட்டானாம். அன்று கருவி உள்ளே இருந்தது. சாயங்காலம்வரை வெளியே வராது.

சமையல்காரர்தான் வழி கண்டுபிடித்தார்.

"அண்ணே, சேதி சொல்லத்தான கூடாது? நாங்க நடக்கலாம்ல? பொண்ணுன்னா, வேலையில்லாத அத்தன பேரும் இடப்பக்கக் கைப்பிடிக் கம்பிக்கிட்ட போய் நிக்கறோம். பையன்னா வலப்பக்கம். மிச்சத்த உங்க முள்ளு சொல்லிடும்."

"கேப்டன் என்ன சொல்வாரு?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பக்கமா எத்தன பேரு நிக்கலாம்னு கணக்குப் போட்டுக் குடுத்ததே அவர்தான்."

"ஆளு பத்துமாய்யா?"

"பத்தலன்னா அரிசி மூட்டையத் தூக்கிட்டு வரோம்."

அப்பா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காமலே இருவருக்கும் பதில் தெரியும். கெட்ட செய்தி என்றால் யாரும் எங்கேயும் போய் நிற்கமாட்டார்கள்.

அன்றைக்கென்று முள் அசையவே இல்லை. காற்று இல்லை, கிரேனும் சும்மா நின்றது. எந்த முள் நடுவில் நிற்க வேண்டும் என்று இத்தனை வருடம் உயிரை விட்டாரோ, அது நடுவில் நிற்பது அன்று அவருக்குப் பொறுக்கவில்லை. "சாஞ்சு தொலையேன்" என்று கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாராம். சாப்பாடு ஆறிப்போயிற்று. மதியமும் போயிற்று. இந்தத் தடவையும் இல்லை என்று மனசு விட்டுப்போனது.

அப்போது முள் நகர்ந்தது. இடப்பக்கம்!

வெளியே சமையல்காரர், வெல்டர்கள், துணி வெளுப்பவர், தூக்கத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மாற்றாள், ஒரு மூட்டை அரிசி, "நான் சும்மா கடலப் பாக்கறேன்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்த கேப்டன், எல்லோரும் இடப்பக்கக் கம்பியோடு ஒட்டி நின்றார்கள். உள்ளே அப்பா தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சிரித்தார்.

ஆனால் கை பழகிய கை. முள் சாய்ந்ததும் அது பாட்டுக்குப் போய் பம்பைப் போட்டுவிட்டது. வலப்பக்கத் தொட்டிக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே அப்பாவுக்கு இல்லை. சேதி சொல்லியாயிற்று என்று எல்லோரும் கலைந்தார்கள். முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் போய் நின்றது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மைக்கை எடுத்தார். கப்பல் முழுக்கக் கேட்டது.

"ரெட்டைப் புள்ளைங்கய்யா! பொண்ணும் பையனும்!"

செய்தி வாங்கிய ரேடியோக்காரர் தன் காதையே சந்தேகப்பட்டார். மற்றவர்கள் "பாதி சேதிதான் சொன்ன" என்று அவரைத் திட்டினார்கள். சமையல்காரர் இரண்டாவது கேக்குக்கு மாவு கலக்கினார். கேப்டன் மட்டும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, பம்பை நிறுத்திவிட்டு, தான் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாயைத் திறக்காமல் போனார்.

கருவி மேலே வந்ததும் அப்பா ஃபோனுக்கு ஓடினார்.

"பையன் யாரு ஜாடை?"

"எந்தப் பையன்?" என்றாள் அம்மா.

பக்கத்தில் நின்ற கேப்டன் அவர் தோளில் கை போட்டார். "உன் பையன் வலப்பக்கத் தொட்டில பத்திரமா இருக்கான்யா. நீதான பம்பு போட்டு ஏத்தின."

இன்றுவரை எங்கள் வீட்டில் கண்ணாடித் தம்ளர் உடைந்தால், உடைத்தது தொட்டித் தம்பி. பிஸ்கட் காணாமல் போனால், தின்றது தொட்டித் தம்பி. அவன் இல்லாவிட்டால் நான் வாங்கியிருக்கும் அடிக்கு அளவே இருந்திருக்காது.

பனி விலகி அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அம்மாவும் நானும் கட்டிலின் ஓர் ஓரமாகப் படுத்திருந்தோம். என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, கேட்கவே வேண்டாம், ரசமட்டத்தை எடுத்துக் கட்டில் சட்டத்தில் வைத்தார். குமிழி வலப்பக்கம் ஓடியது. கட்டில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, நான் இருந்த பக்கம்.

"அட்டை அலமாரி மேல இருக்குங்க" என்றாள் அம்மா.

"வேணாம்," என்றார் அப்பா. "சாஞ்சே இருக்கட்டும்."

வீட்டில் அவர் இன்னும் அட்டை வைக்காத பொருள் அந்தக் கட்டில் ஒன்றுதான்.