பஞ்சு வைத்த சீருடை

மெத்தைக்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு ஆஸ்பத்திரியில். என் ஓரகத்திக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். சிரிக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஓரகத்தியின் தம்பி, லாரி டிரைவர், வந்து நின்றான்.

“அக்கா, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.”

“பொண்ணு பேரு என்னடா?”

அவன் தலையைச் சொறிந்தான். “மெத்தைக்காரின்னுதான் எல்லாரும் கூப்பிடுறாங்க. பேரைக் கேக்கணும்னு தோணவே இல்லக்கா.”

ஓரகத்திக்கு ஒரு தையல் பிரிந்தேவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் அவளுக்கு வேறு பெயர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அவள் மெத்தைக் கடை ஒரே அறைதான். பாதி பஞ்சு, பாதி குடித்தனம். அவள் புருஷன் லாரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் தும்மிக்கொண்டேதான் சாப்பிடுவான். உறையில் பஞ்சைத் திணிப்பாள், கோலால் அடித்துப் பரப்புவாள், கடைசியில் வாயைத் தைத்து மூடுவாள். எதையும் வாய் தைக்காமல் கையைவிட்டு இறக்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அந்தக் கை தைக்கும்.

ஒரே மகள். தாய் மூட்டை மாதிரி இருந்தால் இவள் குச்சி மாதிரி. அதனால் குண்டூசி என்றே பெயர் வந்துவிட்டது. ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளின் தோள் நீலமாகக் கன்றியிருந்தது. கேட்டால் விழுந்துவிட்டேன் என்றாள். மறுநாள் முழங்கை. அடுத்த நாள் இடுப்பு. ஒரே ஆள் எத்தனை தடவை விழுவாள்? கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் விஷயத்தைக் கக்கியது. இரண்டு வகுப்பு மேலே பீரங்கி என்று ஒரு பெண். மாடிப்படி திரும்புகிற இடத்தில், டீச்சர்கள் கண்ணுக்குப் படாத மூலையில் நின்றுகொண்டு, வருகிற போகிற சின்னதுகளைப் பிடித்துத் தள்ளுவாளாம்.

அந்த வாரம் பார்த்து, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அடித்துக்கொண்டு ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று டிவியில் வேறு காட்டினார்கள். மெத்தைக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியையிடம் போனாள். பிள்ளைகள் என்றால் நாலு தள்ளு தள்ளத்தான் செய்யும் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் புருஷனுக்குப் போன் போட்டாள்.

“இனிமே இவளை அனுப்பப் போறதில்ல.”

“படிக்காம என்னடி பண்ணுவா?”

“முழுசா இருப்பா.”

குண்டூசியோ படிப்பில் சூரப்புலி. போயே தீருவேன் என்று தரையில் உருண்டு அழுதாள். உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது.

மறுநாள் காலையில் மகளைச் சீருடையோடு மேஜைமேல் நிற்கவைத்தாள். சீருடைக் கவுனுக்கு உள்ளே ஒரு துணி கொடுத்து, இரண்டுக்கும் நடுவே தோளில், முதுகில், இடுப்பில் பஞ்சைத் திணித்தாள். கோலால் அடிக்கத்தான் இல்லை, கையால் தட்டிப் பரப்பினாள். பரப்பி முடித்ததும் கை பழக்கத்தில் வாயைத் தைத்தது. முதுகில் பொத்தான் போடுகிற திறப்பு முழுவதையும், கழுத்திலிருந்து இடுப்புவரை, மெத்தை நூலால் தைத்து முடிச்சும் போட்டுவிட்டது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. கால் முளைத்த தலையணை ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

அதற்கு மேல் நடந்ததைக் குண்டூசி சொல்லித்தான் கேட்க வேண்டும். இன்றைக்கும் உருண்டு காட்டித்தான் சொல்வாள். திருப்பத்தில் பீரங்கி தள்ளினாளாம். இவள் ஆறு படி உருண்டு, கீழே மொத்தென்று விழுந்து, எழுந்து நின்றாளாம்.

“இன்னொரு தடவை தள்ளேன்.”

பீரங்கி மறுபடி தள்ளிப் பார்த்தாளாம். இடைவேளைக்குள் இவள் முன்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஓடிவந்து மோதுகிறவர்கள், கட்டிப்பிடிக்கிறவர்கள், சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். எல்லாரும் மைதானத்துக்கு இறங்கிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. மற்றதுகள் ஓடிவிட்டன. பஞ்சு தண்ணீரைக் குடித்த குடியில் குண்டூசி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டுப் பேர் திரும்பி வந்து இழுத்தும் அசையவில்லை. கழற்றலாம் என்றால் பொத்தானைக் காணோம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கடைக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னது: “அத்தை, பீரங்கி உங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போறா.”

மெத்தைக்காரி கோலோடு ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் போனது. வராந்தாவில் மகள் குப்புறக் கிடக்கிறாள், அவள்மேல் பீரங்கி உட்கார்ந்திருக்கிறாள், கையில் பெரிய கத்தரிக்கோல். தாய் கோலை ஓங்கிவிட்டாள்.

“அம்மா, அடிச்சுடாத. அவ தையலைப் பிரிக்கிறா,” என்று குண்டூசி கீழேயிருந்து சிரித்தாள்.

பீரங்கி வியர்த்துப்போய் நிமிர்ந்தாள். “கத்தரியே உடைஞ்சுடும்போல இருக்கு அத்தை. பொண்ணைப் போய் யாராவது இப்படி மூட்டை கட்டுவாங்களா?”

அப்போதுதான் மெத்தைக்காரி தன் தையலைப் பார்த்தாள். கோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து பிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் பாதி நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. வாளி நிறையப் பஞ்சு வந்தது. பீரங்கி அதில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

“அத்தை, எனக்கும் ஒண்ணு தைச்சுத் தர்றீங்களா?”

“உனக்கு எதுக்குடி? உன்னை யாரு அடிக்கப் போறா?”

பீரங்கி கழுத்துப்பட்டையை விலக்கிக் காட்டினாள். குண்டூசிக்குத் தோளில் எங்கே கன்றியிருந்ததோ அதே இடத்தில், அதே நீலம். “பெரிய வகுப்பு அக்காங்க. அதே திருப்பத்துலதான்.”

மெத்தைக்காரி ஒற்றைச் செருப்போடு நேரே தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள்.

“அந்தத் திருப்பத்துல நான் உக்காந்துக்கறேன். என் தையலை அங்கேயே தைச்சுக்கறேன். நாற்காலிகூட வேணாம், மெத்தை எங்கிட்ட இருக்கு.”

“எத்தனை நாளைக்கும்மா?”

“ஒருத்தி பாக்கி இல்லாம எல்லாரும் படிச்சு முடிக்கிற வரைக்கும்.”

அந்தம்மா சிரித்துவிட்டார். ஒரு வாரம் பார்ப்போம் என்றுதான் சரி சொன்னார். தலைமையாசிரியைகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். பீரங்கி இப்போது தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். குண்டூசி படித்து முடித்து வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மெத்தைக்காரி இன்றைக்கும் அந்த மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள்.