நாற்பது பெட்டிகளும் ஒரு கோணல் பூவும்

என் அண்ணியின் வலது மணிக்கட்டு நேராக இருக்காது. ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் அவசரக் கட்டாகப் போட்டார். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. அந்த மனிதர் யாரென்று தெரிந்திருந்தால், இத்தனை வருஷம் கழித்தும் அவர் வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணிக்குக் கோபம் வராது. எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கும். அதனால் இந்த வீட்டில் இரண்டு பேருக்கான கோபத்தையும் நான் ஒருத்தியே படுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் அண்ணிக்குப் பெயர் கோணக்கை. வகுப்பு ஆசிரியை அவருடைய நோட்டை விரித்துத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் பாருங்க, எலி ஓடின தடம்" என்பாராம். ஓவிய வகுப்பில் தாள் கொடுக்கும்போது இவரைத் தாண்டிப் போய்விடுவாராம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நேற்று கேட்டாலும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணி அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான். கொளுத்துகிற வெயிலிலும் மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். அவர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் நானே அந்தக் கையை முழுசாகப் பார்த்தேன். அதுவும் துணி துவைக்கும்போது தற்செயலாக.

ஆனால் அந்தக் கை செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். பழந்துணியை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த தடித்த காகிதம் எங்களுக்கு வரும். ஓரமெல்லாம் பிசிறு, மேலெல்லாம் சொரசொரப்பு. அதை அட்டையில் ஒட்டி நான் பரிசுப் பெட்டி கட்டுவேன், பை மடிப்பேன். மேலே அழகு செய்வது அண்ணி. நெல் அகலத்துக்குப் பொன்னிறக் காகிதத்தை நறுக்கி மூடியைச் சுற்றி ஒரு கோடு. நடுவில் ஏழு இதழ்ப் பூ. இதழுக்கு இதழ் ஒரே இடைவெளி. தீக்குச்சி முனையை வெள்ளைச் சாயத்தில் தொட்டு ஓரத்தில் புள்ளிகள். பையின் கயிற்று முடிச்சு உள்ளே துருத்திக்கொண்டு தெரியக்கூடாதென்று அதன்மேலும் வட்டமாக ஒரு காகிதம் ஒட்டுவார். பைக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "எட்டிப் பாக்கறவங்களும் இருப்பாங்க" என்பார்.

அந்தக் கையால் எப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கவனித்தேன். அண்ணி கையைத் திருப்புவதே இல்லை. கை ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும். இடது கை பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வரும். கோடு தானாக நேராக விழும். என் இரண்டு கையும் அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். ஆனால் நான் ஒரு பூ ஒட்டினால் அது எந்தப் பக்கமாவது சாய்ந்து படுத்துவிடும். அதனால்தான் எனக்குப் பெட்டி கட்டும் வேலை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில் பதினோரு வருஷம் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்றால் யாரும் நம்புவதில்லை. மேசை முழுக்கப் பெட்டி பரப்பியிருப்பதால் என் அண்ணன் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான். பேருந்து ஓட்டுகிறவன். "நாள் பூரா உக்காந்துதானே இருக்கேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வான்.

எங்கள் வேலையை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கடை. பெரிய தெருவில், கண்ணாடிக் கதவு போட்ட பரிசுப்பொருள் கடை. அங்கே புதிதாக ஒரு மேலாளர் வந்தார். வந்த மூன்றாம் வாரம் நாங்கள் கொடுத்த நாற்பது பெட்டிகளும் அப்படியே திரும்பி வந்தன. என்னவோ ஏதோவென்று இருவரும் ஓடினோம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "இது மெஷின்ல போட்டதுன்னு ஜனங்க சொல்றாங்க. கைவேலைன்னா கைவேலை மாதிரி தெரியணும் இல்லையா? கொஞ்சம் கோணலா ஒட்டுங்க. ஓரத்துல பசை லேசா தெரிஞ்சாக்கூட நல்லதுதான்."

நான் கேட்டேன்: "நல்லா செஞ்சா குத்தமா சார்?"

"நம்ம அட்டையிலயே போட்டிருக்கே," என்று பெட்டியில் தொங்கிய சின்ன அட்டையை எடுத்துப் படித்தார். "'இதில் காணப்படும் சிறு பிழைகளே கைவேலையின் அழகு.' பிழையே இல்லைன்னா இது பொய்யாகிடுது பாருங்க."

அந்த அட்டைகள் கடையிலிருந்து கட்டுக்கட்டாக வரும். எழுத்து எறும்பு எறும்பாக இருக்கும். மூன்று வருஷமாக ஒவ்வொரு பெட்டியிலும் நாடா கோத்து அதைக் கட்டியது அண்ணிதான். நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை. அச்சடித்து அழகாக வந்தால் ஏதோ நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். தன் வேலையில் பிழை இருக்கிறது என்கிற சீட்டைத் தானே தன் கையால் கட்டிக்கொடுத்திருக்கிறார் மனுஷி. எனக்கு அந்த மேலாளரைவிட என்மேல்தான் ஆத்திரம் வந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். கண்ணும் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அண்ணி ஒரு பெட்டியை எடுத்தார். பெட்டியைத் திருப்பாமல் வைத்துக்கொண்டு, கையைப் போன போக்கில் விட்டு ஒரு கோடு ஒட்டினார். கோடு நெளிந்துகொண்டு போயிற்று. பிறகு, "எலி ஓடின தடம்" என்றார், மெதுவாக. அந்தக் கோட்டை உரித்துக் கசக்கிப் போட்டார். அந்த மேலாளரை அப்போது என் கையில் கொடுத்திருந்தால் நடந்திருப்பதே வேறு. நேராக ஒரு கோடு போட இந்தப் பெண் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். அதை வளைத்துப் போடு என்று சொல்ல எப்படி வாய் வருகிறது ஒருவருக்கு?

"நம்பலைன்னா வந்து பாக்கட்டும்," என்றார் அண்ணி. "கடையில ஒரு மேசை போட்டா அங்கயே உக்காந்து செய்யறேன். போய்ச் சொல்லிடலாம்."

சொல்லிவிட்டு வெள்ளைச் சாயம் வாங்கக் கிளம்பிப் போனார். இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த ஆள் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குள் ஒரு பயம். இந்தக் கடையும் போய்விட்டால் மேசை காலி. அண்ணன் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவுதான். அதனால் நாற்பதில் ஒரு பெட்டியை எடுத்து, ஈரத்துணி வைத்துப் பூவைக் கழற்றி, நான் திரும்ப ஒட்டினேன். கோணலாக ஒட்ட நான் ஒன்றும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கட்டுக்கு அடியில் வைத்தேன். மேலாளர் பிடிவாதம் பிடித்தால் எடுத்துக் காட்டி வாயை அடைக்கலாம் என்று கணக்கு.

கட்டோடு கடைக்குப் போனோம். அவரோ அண்ணி சொன்னவுடனே சரியென்றுவிட்டார். கடைப் பெண் கட்டைப் பிரித்து நாற்பதையும் அலமாரியில் அடுக்கிவிட்டாள். என் பெட்டியைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் போயிற்று.

சனிக்கிழமை காலை கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். அண்ணி மணிக்கட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பசைக் கிண்ணம், கத்தரிக்கோல், மடிப்பைத் தேய்க்கிற பழைய கரண்டி. முதலில் இரண்டு பேர் நின்றார்கள். பிறகு வழி அடைத்துக்கொண்டது. காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "நான் இத்தனை நாளா மெஷின்னு நெனச்சேனே" என்றார். நேராக இருக்கிறது என்று ஒருவரும் குறைப்படவில்லை. மதியத்துக்குள் முக்கால்வாசிப் பெட்டிகள் போய்விட்டன. என் கோணல் பூவை மட்டும் மூன்று பேர் எடுத்துப் பார்த்து மூன்று பேரும் திரும்ப வைத்தார்கள். நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடாவை எட்டி எடுக்கும்போது அண்ணியின் சட்டைக் கை சற்று மேலேறியது. மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது. கைப்பேசியோடு வந்து குனிந்தார்.

"அக்கா, ஒரே ஒரு போட்டோ. முகம்கூட வேண்டாம், கை மட்டும். அந்த வளைவு நல்லா தெரியணும். அட்டையில போட்டா ஜனங்க மனசு இளகிடும்."

பெட்டியில் கோணல் கிடைக்கவில்லை என்றதும் எலும்பில் கண்டுபிடித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பேசினார்.

"இன்னும் பதினோரு பெட்டி இருக்கு. ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ஒரு பிழை இருந்தா கைய போட்டோ எடுத்துக்கோங்க. இல்லைன்னா அந்த அட்டைய எல்லாத்துலேர்ந்தும் எடுத்துடணும்."

சுற்றியிருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. மேலாளரால் மறுக்க முடியவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று நான் ஒட்டியது. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து அளந்தார். மூடியைத் திருப்பினார், மூலையில் நகத்தால் சுரண்டினார், இதழ்களை எண்ணினார். எட்டுப் பெட்டி ஆயிற்று. ஒன்பதாவது அதுதான்.

"இது என்ன அக்கா?" என்று சிரித்தபடி நீட்டினார்.

அண்ணி வாங்கிப் பார்த்தார். பூ இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஓர் இதழின் கீழே பசை பளபளத்தது. பதினோரு வருஷமாக என் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது யார் கை வேலை என்று தெரிய ஒரு நொடி போதும். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'இது நான் செஞ்சதில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, அத்தனை பேர் முன்னால் அந்தக் கையை மேசைமேல் வைத்தார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அது நான் ஒட்டினது," என்றேன். குரல் கத்தலாக வந்தது. "நீங்க கோணல் கேட்டீங்களேன்னு அவங்களுக்குத் தெரியாம நான்தான் செஞ்சேன். மூணு பேர் எடுத்துப் பாத்துட்டு வேண்டாம்னு வச்சிட்டுப் போனாங்க. பிழை வேணும்னா செஞ்ச கைய எடுங்க." என் கையை அண்ணி கைக்கு மேலே கொண்டுபோய் வைத்தேன்.

அவர் கைப்பேசியைப் பிடித்தபடி என் கையைப் பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு?" என்றார் குழப்பத்தோடு.

காய்கறிப் பை அம்மாள் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாளே, "மீதி ரெண்டையும் அளந்து பாத்துட்டு அட்டைய எடுங்க தம்பி. சொன்னா சொன்னதுதான்" என்றார். மேலாளர் அந்த இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துவந்து அட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். அவர் வெட்டி முடிக்கும்வரை நான் அண்ணியின் கைமேலிருந்து என் கையை எடுக்கவில்லை.

கோணல் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் அண்ணி எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது எனக்கு. மேசையில் உட்கார்ந்ததும் கேட்டார்: "ஏன் செஞ்ச?"

"கடை போயிடும்னு பயந்துட்டேன் அண்ணி."

பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நான் கைய மேசைமேல வச்சேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

"பள்ளிக்கூடத்துல அந்த டீச்சர் என் கைய இழுத்து எல்லாருக்கும் காட்டினாங்க. அதுக்கப்பறம் இன்னிக்குத்தான்."

ஆசிரியையைத் திட்டலாம், மேலாளரைத் திட்டலாம், கட்டுப் போட்டவரைத் திட்டலாம். எல்லாரையும் திட்டி முடித்தாலும் இன்றைக்கு அந்தப் பொத்தானைக் கழற்ற வைத்தது நான்தான். அண்ணியின் சட்டைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

"வெந்நீர் வை," என்றார். "ஆவியில காட்டினா பூ கிழியாம வந்துடும்."

நான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.