மூக்கில் ஊற்றிய எண்ணெய்

குரங்கணி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த என் கணவருக்குத் தீராத தலைவலி. ஒருநாள், "ஏம்மா, ரெண்டு ஜீப்பா வருது?" என்றார். வந்தது ஒன்றுதான். கொழுந்தன் கூட்டிவந்த வைத்தியர், புறா எச்சம் கலந்த எண்ணெயை அவர் மூக்கில் ஊற்றினார். நாற்றம் வீடெல்லாம் பரவியது.

"போதும் தம்பி, வெரசா மதுரைக்குக் கெளம்புவோம்" என்றேன்.

அங்கே ஸ்கேன் எடுத்து, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி என்று மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தார்கள். எடுத்ததைப் புட்டியில் காட்டினார் டாக்டர். கரும்பச்சையாக, அழுகல் சேறு மாதிரி இருந்தது.

"இது கட்டியில்லம்மா, பூஞ்சை. பரிசோதனையில தெரிஞ்சுது."

மூக்கில் ஊற்றிய அந்தப் புறா எச்ச எண்ணெய் நினைவுக்கு வர, வெளியே ஓடி வாந்தியெடுத்தேன். பூஞ்சைக்கான மருந்தை நரம்பில் ஏற்றும்போதெல்லாம் அவர் உடம்பு குளிரில் தூக்கிப்போட்டது. ஆனாலும் பிழைத்தார்; பார்வையும் தெளிந்தது. பாதிக்கப்பட்ட சுரப்பி சரியாகச் சுரக்காததால் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் யாருக்குத் தலைவலி நீடித்தாலும் இப்போது நேரே டாக்டரிடம்தான் போகிறோம். மூக்கில் சொட்டு எண்ணெய்கூட விட நான் சம்மதிப்பதில்லை.